ஈசூன் தாழ்வாரத்திலிருந்து சூப்பர்நோவா பார்க்க முடியுமா?

உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவரின் கேள்வி, 26 ஏப்ரல் 2025

பல மில்லியன் ஒளியாண்டுத் தொலைவில் வெடிக்கும் விண்மீன்களைத் தேடிப் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள் என்று படித்தேன். நம் சிங்கப்பூரில் இரவு வானத்தை அண்ணாந்து பார்த்தால் எண்ணுவதற்கு இருபது விண்மீன்கள்கூடத் தேறுவதில்லை. வீவக அடுக்குமாடி வீட்டில் வாழும் ஒருவர் சூப்பர்நோவா பார்ப்பது நடக்காத காரியம் என்பது என் கருத்து. அப்படியே பார்த்தாலும், தானியங்கித் தொலைநோக்கிகள் நாளுக்குப் பத்து இருபது என்று கண்டுபிடித்துக் குவிக்கும் இக்காலத்தில் நாம் பார்ப்பதால் யாருக்கு என்ன பயன்? மறுப்பவர்கள் சொந்த அனுபவத்தைச் சொல்லி மறுக்க வேண்டும்.

27 ஏப்ரல் 2025

முடியும். ஈசூனில் என் வீடு பதினோராம் மாடியில் இருக்கிறது. தாழ்வாரம் வடக்கே ஜோகூரைப் பார்த்தது. 2023 மே 25ஆம் தேதி இரவு அந்தத் தாழ்வாரத்தில் நின்று, 21 மில்லியன் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம்101 என்ற பேரடையில் (கேலக்ஸியில்) வெடித்த விண்மீனை என் கண்ணாலேயே பார்த்தேன். ஜப்பானைச் சேர்ந்த கோய்ச்சி இதாகாகி அதைக் கண்டுபிடித்து அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை.

என்னிடம் இருந்தது 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி. தாழ்வாரச் சுவர் இடுப்புக்கு மேல் உயர்ந்து நிற்பதால், தொலைநோக்கியைப் பழைய தொலைக்காட்சி மேசைமேல் ஏற்றி வைத்தேன். தலைக்கு நேர் மேலே எரியும் தாழ்வார விளக்கை அணைக்க வழியில்லை. ஆகையால், சபரிமலைக்கு மாலை போட்டிருந்தபோது உடுத்திய கறுப்பு வேட்டியை எடுத்துவந்து, தலையையும் கண்வில்லையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு, கண் இருளுக்குப் பழகும்வரை கால் மணி நேரம் உள்ளே குனிந்து நின்றேன். எம்101 பதினொரு மணியளவில் வடக்கே உச்சத்துக்கு வந்தது. நம் ஊரில் அதன் உச்சம் அடிவானத்திலிருந்து 37 பாகைதான்.

பேரடை தெரியவே இல்லை. அதன் ஒளி ஏறத்தாழ முழுநிலவின் அகலத்துக்குப் பரவிக் கிடப்பதால், சிங்கப்பூர் வானத்தின் வெளிச்சம் அதை விழுங்கிவிடுகிறது. சூப்பர்நோவாவோ ஒரு புள்ளி. உருப்பெருக்கத்தை 48 மடங்கிலிருந்து 120 மடங்குக்கு உயர்த்தியபோது பின்னணி வானம் விரிந்து கறுத்தது, புள்ளி புள்ளியாகவே நின்றது. நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துவிடும். பார்வையைச் சற்றே ஓரத்துக்கு நகர்த்தினால் திரும்பி வரும். ஒன்பது முறை வந்துபோனதை எண்ணிய பிறகுதான் நான் நம்பினேன். பொலிவெண் அப்போது 11 அளவில் இருந்தது. (பொலிவெண் குறையக் குறைய ஒளி கூடும் என்பதைப் புதியவர்கள் நினைவில் கொள்ளவும்.)

பயன் என்ன என்ற இரண்டாவது கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதுதான் கடினமான கேள்வி.

28 ஏப்ரல் 2025

சொற்களைப் பற்றிக் கேட்டவருக்கு: கேலக்ஸியை நான் பேரடை என்று எழுதுகிறேன். ‘விண்மீன் மண்டலம்’ என்று எழுதினால் சப்தரிஷி மண்டலம் போன்ற விண்மீன் குழுவோடு அது குழம்பிப்போகிறது. சூப்பர்நோவாவுக்கு ‘மீயொளிர் விண்மீன் வெடிப்பு’ என்ற நல்ல தமிழ்த் தொடர் இருக்கிறது. ஒரு குறிப்பில் முப்பது முறை எழுத வேண்டியிருப்பதால் சூப்பர்நோவா என்றே வைத்துக்கொள்கிறேன்.

1 மே 2025

தோல்வியையும் சொல்ல வேண்டும். 2014 ஜனவரி 21ஆம் தேதி, எம்82 என்ற பேரடையில் ஒரு சூப்பர்நோவா கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஸ்டீவ் ஃபாசியும் அவருடைய மாணவர்களும். லண்டன் நகரின் ஓரத்தில் உள்ள கல்லூரி வான்நோக்ககத்தில் மாணவர்களுக்குத் தொலைநோக்கியைக் கையாளக் கற்றுக்கொடுத்துக் கொண்டிருந்தார் ஃபாசி. மேகம் மூடிக்கொண்டு வந்தது. மிச்சமிருந்த சிறு திறப்புக்குள் எம்82 இருந்ததால் அதன் பக்கம் திருப்பினார்கள். பேரடையின் ஓரத்தில் இருக்கக்கூடாத விண்மீன் ஒன்று இருந்தது. மேகத்தையும் நகர வெளிச்சத்தையும் காரணம் காட்டும் நாம் இந்தக் கதையை மறக்கக்கூடாது.

நான் பத்து நாள் முயன்றேன். அப்போது என்னிடம் இருந்தது 6 அங்குலத் தொலைநோக்கி. எம்82 நம் வானில் 22 பாகைக்கு மேல் ஏறாது. அந்தப் பருவத்தில் அது உச்சத்துக்கு வருவதும் அதிகாலை 2.45 மணிக்குத்தான். வடகிழக்குப் பருவ மழை விடாமல் பெய்ததால் பார்க்க முடியாமல் போய்விட்டது.

2 மே 2025

நேற்று எழுதியதில் ஒரு பிழை. பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன்: மழையே இல்லை. 2014 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை சிங்கப்பூரில் தொடர்ந்து வறட்சி நிலவியது. அந்தப் பிப்ரவரி இங்கே பதிவான மிக வறண்ட மாதங்களில் ஒன்று. சீனப் புத்தாண்டு இரவில், அதாவது சூப்பர்நோவா ஏறக்குறைய உச்சப் பொலிவில் இருந்தபோது, ‘மேகமில்லை, புகைமூட்டம் போன்ற வெளிறல், ஒன்றும் காணவில்லை’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. பதினோரு ஆண்டுகளில் என் நினைவு ஒரு மழையைத் தானே உண்டாக்கிக்கொண்டது. தோற்றதற்கு உண்மையான காரணம் உயரக்குறைவும் ஜோகூர் வெளிச்சமும்தான். கறுப்பு வேட்டி உத்தியும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கண்ணால் பார்ப்பவர்கள் அன்றன்றைக்கே எழுதிவைக்க வேண்டும் என்று இதற்காகத்தான் வலியுறுத்துகிறேன்.

4 மே 2025

இப்போது பயன் பற்றிய கேள்வி.

எம்101 சூப்பர்நோவாவை இதாகாகி கண்டது நம் நேரப்படி மே 20 அதிகாலை ஒன்றரை மணியளவில். ஆனால் வெடிப்பின் முதல் ஒளி அதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பே பூமியை அடைந்துவிட்டது. அந்த இடைப்பட்ட நேரத்தில் விண்மீன் எப்படிப் பொலிவடைந்தது என்பது அறிவியலாளர்களுக்கு மிக முக்கியம்; வெடித்த விண்மீனைச் சுற்றி என்ன வாயு இருந்தது, அதன் உடல் எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அந்த முதல் மணிநேரங்களில்தான் தெரியும். அந்தப் பதிவுகள் எங்கிருந்து கிடைத்தன? எம்101 அழகான பேரடை என்பதற்காகவே அதைத் தங்கள் வீட்டிலிருந்து படம் பிடித்துக்கொண்டிருந்த ஆர்வலர்கள் சிலரின் கணினிகளிலிருந்து. செய்தி வந்த பிறகு அவர்கள் பழைய படங்களைத் திறந்து பார்த்தார்கள். புள்ளி ஏற்கெனவே அங்கே இருந்தது. தொழில்முறை ஆய்வுக் கட்டுரைகளில் அந்தப் படங்கள் இடம்பெற்றன.

இதை எழுதும்போது எனக்கு ஒரு வேதனையும் உண்டு. மே 19, வெள்ளிக்கிழமை. அமாவாசையை ஒட்டிய இரவு, வானமும் திறந்திருந்தது. பத்து மணிக்கு நான் தாழ்வாரத்தில்தான் இருந்தேன், 80 மி.மீ. தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்திக்கொண்டு. அன்று நான் எடுத்தது எம்51. கையை நீட்டி விரல்களை மடக்கினால் அந்த முஷ்டி மறைக்கும் அகலம்தான் எம்51க்கும் எம்101க்கும் இடையே. இதாகாகிக்கு மூன்றரை மணி நேரம் முன்பு அந்த ஒளி என் தாழ்வாரத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது. தொலைநோக்கியைச் சற்றே திருப்பியிருந்தால் அது என் படத்தில் விழுந்திருக்கும்.

விழுந்திருக்குமா என்பதிலும் எனக்கு இரண்டு எண்ணம் இருக்கிறது. அப்போது அது மிக மங்கல். நாற்பது நிமிடப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் நம் வானத்தில் தேறியிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாரம் முழுவதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

5 மே 2025

‘நாளுக்குப் பத்து இருபது’ என்று கேள்வியில் இருந்ததைத் திருத்துகிறேன். எண்ணிக்கை அதைவிடப் பெரியது. எம்101இல் வெடித்ததன் பெயர் 2023 ஐ.எக்ஸ்.எஃப். ஆண்டு தொடங்கியதும் முதல் 26 கண்டுபிடிப்புகளுக்கு ஓரெழுத்து, பிறகு இரண்டெழுத்து, பிறகு மூன்றெழுத்து என்று ஆங்கில அகரவரிசையில் பெயர் போய்க்கொண்டே இருக்கும். கணக்குப் போட்டால் அது அந்த ஆண்டின் 6,012ஆவது பெயர். ஐந்து மாதம்கூட நிறையாத நிலையில்.

5 மே 2025, சற்றுப் பிறகு

மூன்றெழுத்துப் பெயர்களை மட்டும் எண்ணிவிட்டேன். அவற்றுக்கு முன்னால் தீர்ந்துபோன ஓரெழுத்துப் பெயர்கள் 26, இரண்டெழுத்துப் பெயர்கள் 676, மொத்தம் 702. அவற்றையும் சேர்த்தால் 6,714. நாளொன்றுக்குச் சராசரியாக 48.

ஆனால் இவை எல்லாம் உறுதியான சூப்பர்நோவாக்கள் அல்ல. புதிய புள்ளி ஒன்றைக் கண்டு அறிவித்தவுடன் ஏ.டி. என்ற முன்னொட்டோடு பெயர் கிடைக்கும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பதியும் நிறமாலை எடுத்து, இது சூப்பர்நோவாதான் என்று யாராவது நிறுவிய பிறகே எஸ்.என். ஆகும். ஆயிரக்கணக்கானவை ஏ.டி. என்ற நிலையிலேயே மங்கி மறைந்துவிடுகின்றன. அவற்றுக்கு நிறமாலை எடுக்கப் போதிய தொலைநோக்கிகள் இல்லை.

9 மே 2025

எப்படி எம்101ஐக் கண்டுபிடிப்பது என்று கேட்ட அம்மாவுக்கு: உங்கள் திருமணத்தில் அருந்ததி பார்த்தீர்கள் அல்லவா? பகல் முகூர்த்தத்தில் மண்டபத்து வாசலில் நின்று, ஐயர் காட்டிய திசையில், ஒன்றும் தெரியாமலேயே தலையாட்டியிருப்பீர்கள், நாங்களும் அப்படித்தான். மே மாத இரவில் அந்த அருந்ததியை உண்மையாகவே பார்க்கலாம். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவில் இருப்பவர் வசிட்டர், அவரை ஒட்டி மங்கலாக நிற்பது அருந்ததி. இருநோக்கியில் இருவரும் தனித்தனியாகத் தெளிவாகத் தெரிவார்கள். அங்கிருந்து கிழக்கே மங்கலான நான்கைந்து விண்மீன்கள் சங்கிலிபோல் செல்லும். அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு பாகை போனால் எம்101 இருக்கும் இடம். என் மனைவிக்கு அருந்ததியைத் தாழ்வாரத்திலிருந்து காட்டியபோது எங்களுக்குத் திருமணமாகி 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

11 மே 2025

தமிழர்கள் இந்தத் துறையில் பெருமைப்படக் காரணம் உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் தம் 19ஆம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியிலேயே போட்ட கணக்கு இதன் அடித்தளங்களில் ஒன்று. எரிந்து முடிந்த விண்மீனின் மிச்சமான வெண்குறுமீன் எவ்வளவு நிறைவரை தாங்கும் என்பது அந்தக் கணக்கு. இன்று நாம் சொல்லும் எல்லை சூரியனைப் போல் 1.4 மடங்கு. துணை விண்மீனிடமிருந்து பொருளை இழுத்துக்கொண்டு அந்த எல்லையை நெருங்கும் வெண்குறுமீன் முழுவதுமாக வெடித்துச் சிதறுகிறது. அதுதான் ஒன்று-ஏ வகை. 2014இல் நான் கோட்டைவிட்ட எம்82 சூப்பர்நோவா இவ்வகை. அப்போது உண்டாகும் நிக்கல்-56இல் பாதி ஆறு நாளில் கோபால்டாக மாறும். அந்தக் கோபால்டில் பாதி 77 நாளில் இரும்பாக மாறும். நாம் காணும் ஒளி அந்தச் சிதைவின் வெப்பம்தான். எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதை வைத்து உண்மையான பொலிவையும், அதிலிருந்து தொலைவையும் கணிக்க முடியும் என்பதால்தான் 1998இல் இரண்டு குழுக்கள் அண்டத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்று கண்டன. 2011இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

எம்101 சூப்பர்நோவா வேறு வகை. அதற்கும் சந்திரசேகர் எல்லைக்கும் தொடர்பு இல்லை.

12 மே 2025

நேற்றைய கடைசி வாக்கியம் தவறு. விசாக நாள் விடுமுறையில் உட்கார்ந்து மறுபடி படித்தபோது உறுத்தியது. சூரியனைப் போல் எட்டு மடங்குக்கும் மேல் நிறையுள்ள விண்மீன் தன் எரிபொருளைப் படிப்படியாக எரித்து, கடைசியில் மையத்தில் இரும்பைச் சேர்த்துக்கொண்டே போகிறது. இரும்பை எரித்து ஆற்றல் பெற முடியாது. அந்த இரும்புக் கரு தன்னைத் தாங்கிக்கொள்வதும் வெண்குறுமீன் தாங்கிக்கொள்ளும் அதே முறையில்தான். ஆகவே அதுவும் ஏறத்தாழ அதே எல்லையைத் தாண்டும்போது ஒரு நொடிக்குள் இடிந்து விழுகிறது. எம்101இல் நடந்தது அதுதான். இரண்டு வகை மரணத்துக்கும் நடுவில் அந்தக் கப்பல் பயணக் கணக்கு நிற்கிறது. சந்திரசேகருக்கு நேற்று நான் பாதிதான் கொடுத்தேன்.

அப்படி இடிந்து விழும்போது வெளிப்படும் ஆற்றலில் ஏறக்குறைய 99 விழுக்காடு நியூட்ரினோ என்ற நுண்துகள்களாகப் போய்விடுகிறது. 1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் முகில் என்ற, அருகிலுள்ள சிறு பேரடையில் ஒரு விண்மீன் வெடித்தபோது, ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே ஜப்பான், அமெரிக்கா, சோவியத் யூனியன் ஆகிய மூன்று நாடுகளில் இருந்த கருவிகள் இரண்டு டஜன் நியூட்ரினோக்களைப் பிடித்தன. அந்த முகில் 1,68,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. நம் தெற்கு அடிவானத்திலிருந்து 20 பாகை உயரம்வரை வரும்.

17 மே 2025

நான் பார்த்த இரண்டாவது சூப்பர்நோவா 2024 ஜி.ஜி.ஐ. என்.ஜி.சி. 3621 என்ற தென்வானப் பேரடையில், 2024 ஏப்ரல் 11ஆம் தேதி அட்லஸ் என்ற தானியங்கி ஆய்வு அதைக் கண்டது. அதற்குள் நான் சீஸ்டார் எஸ்50 வாங்கியிருந்தேன்: 50 மி.மீ. வில்லைதான், ஆனால் தானே திசை கண்டுபிடித்து, பத்து நொடிப் படங்களை எடுத்து அடுக்கிக்கொண்டே போகும். நிலநடுக்கோட்டில் வாழ்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சொல்லியாக வேண்டும். பழைய வகைத் தாங்கியில் அச்சைத் துருவ விண்மீனை நோக்கி வைக்க வேண்டும். நமக்குத் துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ ஒன்றரைப் பாகைதான், அதுவும் ஜோகூர் விளக்குகளுக்குள் புதைந்து கிடக்கிறது. என் தாங்கியின் திருகு அவ்வளவு தாழ்வாக இறங்காது. தெற்குப் பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துச் சாய்த்தால் எடைக்கம்பி காலில் இடிக்கும். நான்கு ஆண்டு அப்படித்தான் ஓட்டினேன்.

என்.ஜி.சி. 3621 தெற்கே இருப்பதால் தாழ்வாரம் உதவாது, சமையலறைச் சன்னல்தான். சித்திரைப் புத்தாண்டு இரவு. மாலை இடிமழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. கருவியைச் சன்னலோரம் வைத்துப் பார்த்தால், மேல்வீட்டு மூங்கில் கழிகளில் பெருநாள் துணிகள் வரிசையாகத் தொங்கி வானத்தை மறைத்துக்கொண்டிருந்தன. மாடியேறிப் போய், மேல்வீட்டு மக்சிக்கிடம் (மலாய் அம்மாவிடம்), விண்மீன் ஒன்று வெடித்திருக்கிறது, ஒரு மணி நேரம் கழிகளை உள்ளே இழுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் ஒன்றும் கேட்காமல் சாரோங்குகளோடு கழிகளை இழுத்துக்கொண்டார். பிறகு பேரனை அனுப்பிப் படத்தைக் காட்டச் சொன்னார். பேரடை மங்கலான கோடாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் கூர்மையான புள்ளி.

அடுத்த ஒரு மாதத்தில் வானம் விட்டது ஒன்பது இரவு. ஒவ்வோர் இரவும், அதே படத்தில் உள்ள, பொலிவு தெரிந்த விண்மீன்களோடு ஒப்பிட்டு அதன் பொலிவை அளந்தேன். கண்டபோது 19ஐ ஒட்டி இருந்தது 12 அளவுக்கு ஏறியது. பிறகு என் வரைபடத்தில் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. ஹைட்ரஜன் உறை விரிந்து ஆறும்போது, ஒளி வெளியேறும் மேற்பரப்பு உள்நோக்கி இறங்கிக்கொண்டே போகிறது. வெப்பநிலை அதிகம் மாறாததால் பல வாரங்கள் பொலிவு நிலையாக நிற்கிறது. புத்தகத்தில் படித்திருந்த அந்தச் சமதளத்தை என் ஒன்பது புள்ளிகளில் கண்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு ஈடு இல்லை. அளவுகளை ஏஏவிஎஸ்ஓவுக்கு அனுப்பினேன்; 1911 முதல் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் அளவுகளைச் சேர்த்துவைக்கும் அமைப்பு அது.

18 மே 2025

தாழ்வார விளக்கை மாற்றச் சொல்லிக் கேட்டீர்களா என்று கேட்டவருக்கு: கேட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெள்ளை எல்இடி பொருத்தியதும் பொறுப்பானவர்களுக்கு எழுதி, மூடி போட முடியுமா என்று கேட்டேன். பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். கடைசி வீட்டில் கைத்தடியோடு நடக்கும் முதியவர் இருப்பதால் விளக்கு வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். வேண்டியது வானத்தைப் பார்த்து எரியாத விளக்குதான். 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தில், சிங்கப்பூரில் வாழும் எவருடைய கண்ணும் இரவில் முழுமையாக இருளுக்குப் பழக முடியாது என்று இருந்தது. அதை மாற்ற நாம் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

25 மே 2025

நானே கண்டுபிடித்துவிட்டதாக எண்ணிய ஓர் இரவு. கன்னி மண்டலத்திலுள்ள எம்61 நம் தலைக்கு நேர் மேலே வரும். தாழ்வாரத்திலிருந்து உச்சி தெரியாததால், புளோக்கை அடுத்த பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டை மாடிக்குப் போனேன். 1926 முதல் 2020 வரை எட்டு சூப்பர்நோவாக்கள் கண்ட பேரடை அது. அதனால்தான் அதை விடாமல் பார்க்கிறேன். சென்ற ஆண்டு மார்ச்சில் ஓர் இரவு, பேரடையின் தென்மேற்கு ஓரத்தில், என் பழைய படங்கள் எதிலும் இல்லாத புள்ளி. பெயர்ப் பட்டியலிலும் அப்போது எதுவும் பதிவாகவில்லை. கை நடுங்கியது. அறிவிப்புப் படிவத்தைத் திறந்து பாதி நிரப்பியும்விட்டேன்.

நிறுத்தியது ஒரே ஒரு பழக்கம்: குறைந்தது அரை மணி நேரம் கழித்து இன்னொரு படம் எடுக்காமல் எதையும் நம்புவதில்லை. எழுபது நிமிடம் கழித்து எடுத்ததில் புள்ளி நகர்ந்திருந்தது. சிறுகோள். சூரியனின் பாதை கன்னி மண்டலத்தின் ஊடே போவதால் சிறுகோள்கள் அங்கே மிகுதி. கேமராவின் சூடேறிய படப்புள்ளி, அண்டக்கதிர் விழுந்த தடம், இடையில் நிற்கும் மாறுவிண்மீன் ஆகியவையும் இதேபோல் ஏமாற்றும்.

26 மே 2025

மேலே சொன்னதைப் படித்து, அப்படியானால் ஆர்வலர் கண்டுபிடிப்பதே இல்லையா என்று கேட்கிறார்கள். அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் விக்டர் புசோ என்பவர், 2016 செப்டம்பர் 20ஆம் தேதி புதிய கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தார். 80 மில்லியன் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்.ஜி.சி. 613 என்ற பேரடையை எடுத்தார். நகர வானம் வெளுத்திருந்ததால் ஒவ்வொரு படத்தையும் 20 நொடியோடு நிறுத்த வேண்டியிருந்தது. அப்படி எடுத்த குறும்படங்களின் வரிசையில், முதலில் எதுவும் இல்லாத இடத்தில் ஒரு புள்ளி தோன்றி, படத்துக்குப் படம் பொலிவடைந்தது. வெடிப்பின் அதிர்வலை விண்மீனின் மேற்பரப்பை உடைத்து வெளிவரும் கணத்தை அவர் பிடித்திருந்தார். நகர வெளிச்சம் சிறு துண்டுகளாக எடுக்க வைத்ததால்தான் அந்த ஏற்றம் துண்டு துண்டாகப் பதிவானது. நான் தாழ்வாரத்தில் சோர்ந்துபோகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வது இதைத்தான்.

ஆஸ்திரேலியாவின் ராபர்ட் எவன்ஸ் கேமராவே இல்லாமல், கண்ணால் மட்டுமே பார்த்து 42 சூப்பர்நோவாக்களைக் கண்டவர். திருச்சபைப் போதகர். நூற்றுக்கணக்கான பேரடைகளைச் சுற்றியுள்ள விண்மீன்களின் அமைப்பை மனத்தில் வைத்திருந்தார். தொலைநோக்கியைத் திருப்பியதும், புதிதாக ஒன்று வந்திருந்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். நம் பாட்டிமார் கோலத்தைப் பார்த்தவுடன் புள்ளி ஒன்று கூடியிருப்பதைச் சொல்வார்களே, அப்படி.

24 ஜூன் 2025

சிலியில் கட்டியுள்ள ரூபின் வான்நோக்ககம் நேற்று முதல் படங்களை வெளியிட்டது. 8.4 மீட்டர் ஆடி, 3,200 மெகாபிக்சல் கேமரா. தென்வானம் முழுவதையும் சில இரவுகளுக்கு ஒருமுறை பத்து ஆண்டுகள் தொடர்ந்து படம் பிடிக்கப்போகிறது. முதல் படங்களில் ஒன்று கன்னி மண்டலத்துப் பேரடைக் கொத்து. பெரிதாக்கிப் பார்த்தேன்: நான் மொட்டை மாடியிலிருந்து எடுக்கும் அதே எம்61, சுருள் கைகளின் ஒவ்வோர் இழையோடும் இருந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உட்லண்ட்ஸ் வாசகர் உடனே எழுதியிருக்கிறார்: இனி உங்களுக்கு வேலை இல்லையே. இரவெல்லாம் யோசித்தேன். அவ்வளவு பெரிய கருவிக்குப் பொலிவெண் 15, 16ஐவிட ஒளிமிக்கவை கூசும். அந்தப் படப்புள்ளிகள் நிரம்பி வழிந்துவிடும். அது தொலைவில் உள்ளதையும் மங்கலானதையும் தேடப் பிறந்தது. அருகிலுள்ள பேரடையில் வெடித்து 11, 12க்கு ஏறும் ஒன்றை இரவுதோறும் அளக்க, சிறிய தொலைநோக்கிகள்தான் வேண்டும். தவிரவும், சிலியில் பகலாக இருக்கும்போது நமக்கு இரவு. அங்கே விடிந்த பிறகு வெடிப்பதை இங்கிருந்துதான் பார்க்க முடியும். கண்டுபிடிப்பு வேட்டை இயந்திரங்களுக்குப் போய்விட்டது என்பதை மறுக்கவில்லை. கண்டதைத் தொடர்ந்து பார்க்கும் வேலை கூடியிருக்கிறது.

28 ஜூன் 2025, சனிக்கிழமை

உட்லண்ட்ஸ் வாசகர் இன்று மாலை மகளோடு வந்திருந்தார். மொட்டை மாடியில் மூன்று பேரும் சீஸ்டாரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தோம். மேற்கே மெல்லிய பிறை. அவர் மகள் பல்துறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கிறார். படங்கள் அடுக்கப்பட அடுக்கப்பட இரைச்சல் குறைந்து பேரடை எழுவதைப் பார்த்துவிட்டு, எத்தனை படத்துக்கு எத்தனை மடங்கு தெளிவு கூடும் என்று அவரே கணக்கிட்டுச் சொன்னார்: நான்கு மடங்கு படம், இரண்டு மடங்கு தெளிவு.

பிறகு பழைய படத்தையும் புதிய படத்தையும் கைப்பேசியில் மாற்றி மாற்றிக் காட்டினேன். வாசகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையை மூக்கருகே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விண்மீனாக விரல் வைத்துச் சரிபார்த்தார். பன்னிரண்டு விண்மீன்கள். இரண்டு முறை எண்ணினார். குறிப்பேட்டில் இன்றைய வரியை அவரையே எழுதச் சொன்னேன். அவர் எழுதியது அப்படியே:

28.6.2025, இரவு 8.50. எம்61. வானம் ஓரளவு தெளிவு. 45 நிமிடம். பழைய படத்தோடு ஒப்பிட்டது. புதிதாக எதுவும் இல்லை.